எட்டாம் எண் மடக்குக்கத்தி

பிரான்ஸ் தேசத்தின் தென்கிழக்கில், ஆல்ப்ஸ் மலைத்தொடர் இத்தாலிய எல்லையை நோக்கி உயர்ந்து செல்லும் சவாய்ப் பிரதேசத்தில், மோரியேன் பள்ளத்தாக்கை அடுத்த அல்பியே-லெ-வியூ என்னும் மலைக்கிராமத்தில், கோடரியும் அரிவாளும் கவாத்துக் கத்தியும் அடித்துக் கொடுத்து ஜீவனம் செய்துவந்த ஒரு கொல்லர் குடும்பத்தில் பிறந்த ஜோசப் ஒபினெல் என்ற இளைஞர், 1890-ஆம் ஆண்டில், தம்முடைய பதினெட்டாம் வயதில், சட்டைப்பையில் அடங்கக்கூடிய ஒரு சிறு மடக்குக்கத்தியைச் செய்தார். புதிய யந்திரங்களில் அவருக்குத் தீராத மோகம். தாமே ஒரு காமிராவைக் கட்டிக்கொண்டு சுற்றுவட்டாரத்துக் கல்யாணங்களைப் படம்பிடித்தவர் அவர். அப்படிப்பட்டவருக்கு, ஒரு கத்தியைச் செய்து முடித்தவுடன், அதையே ஆயிரக்கணக்கில், ஒன்றைப் போலவே மற்றொன்றாக, மலிவாகச் செய்ய முடியாதா என்ற யோசனை எழுந்ததில் வியப்பில்லை. மரப்பிடிகளைப் பெருவாரியாகச் செதுக்க ஒரு யந்திரத்தை வகுத்தார். 1897-இல் ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண்ணிட்ட பன்னிரண்டு அளவுகளை வெளியிட்டார். மிகச் சிறியதன் அலகு 2 செ.மீ.; மிகப் பெரியதன் அலகு 12 செ.மீ. இவற்றுள் ஒன்றாம் எண்ணும் பதினொன்றாம் எண்ணும் பிற்காலத்தில் கைவிடப்பட்டன. பதின்மூன்றாம் எண் என்று பின்னாளில் வந்த ஒன்று விரித்தால் அரை மீட்டர் நீளம் இருக்கும். அதை எந்தச் சட்டைப்பையில் வைப்பது என்று செய்தவர்கள் சொல்லவில்லை. நாம் இந்த அத்தியாயத்தில் எடுத்துக்கொள்வது எட்டாம் எண்ணை: 8.5 செ.மீ. அலகு, பீச் மரப்பிடி, ஏறக்குறைய 50 கிராம் எடை.

1909-இல் ஒபினெல் பதிவு செய்த முத்திரை, முடிசூடிய ஒரு கை. அருகிலுள்ள செயின்ட்-ஜான்-த-மோரியேன் நகரத்துத் தேவாலயத்தில் ஸ்நானக யோவானின் விரல்கள் என்று பக்தர்கள் போற்றிவரும் திருப்பண்டம் உண்டு. ஆசீர்வதிக்கும் அந்தக் கையின் மேல் சவாய்க் கோமரபின் முடியை வைத்துக்கொண்டார். ஒவ்வொரு அலகிலும் இன்றும் அது பொறிக்கப்பட்டிருக்கிறது.

மலிவான பொருள் என்றால் மட்டமான பொருள் என்று கருதுவது நம்முடைய பழக்கம். கடைத்தெருவில் அந்த அபிப்பிராயம் பெரும்பாலும் பலிக்கவும் செய்கிறது. ஆனால் இந்தக் கத்தி, அதன் தாய்நாட்டில் சாதாரணச் சிற்றுண்டிச்சாலை ஒன்றில் ஒருவேளைச் சாப்பாட்டுக்குக் கொடுக்கும் பணத்துக்கு இன்றும் கிடைப்பது, இரும்பில் கலப்படம் செய்ததாலோ வேலைப்பாட்டில் வஞ்சித்ததாலோ அன்று. அதில் இருக்கும் உறுப்புகள் ஐந்தே ஐந்து: ஓர் அலகு, ஒரு பிடி, இரண்டையும் கோக்கும் ஓர் ஆணி, பிடியின் தலையை இறுக்கும் ஒரு பூண், அந்தப் பூணின்மேல் சுற்றும் ஒரு வளையம். வில் கிடையாது, திருகாணி கிடையாது, உள்தகடுகள் கிடையா. விலையுயர்ந்த கத்திகளில் நுணுக்கமான உறுப்புகளைக் கொண்டு செய்யப்படும் காரியங்களை, இங்கே மரத்தின் நாரும் எஃகின் விறைப்பும் உராய்வும் தத்தம் சுபாவப்படியே செய்துகொள்ளுமாறு விட்டுவிட்டார்கள். ஆகவே, வாங்குவோன் பணத்தில் மிச்சம் பிடித்ததைப் பொருள்களின் குணத்தை அறிந்துகொள்வதில் செலவிடவேண்டியவனாகிறான். அந்தக் குணங்களைத்தான் ஒவ்வொன்றாகப் பார்க்கப் போகிறோம்.

கத்தி ஏன் வெட்டுகிறது? கூராக இருப்பதனால் என்று குழந்தையும் சொல்லும். ஆனால் கூர்மை என்பது என்ன? ஒரு பொருளை வெட்டுவதாவது, அதன் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருக்கும் கட்டுகளை ஒரு கோட்டின் வழியே அறுத்து, முன்பு இல்லாத இரண்டு புதிய பரப்புகளை உண்டாக்குவது. அதற்கு வேண்டியது வெறும் பலம் அன்று. பலம் மிகச் சிறிய இடத்தில் குவிய வேண்டும். நன்றாகத் தீட்டிய கத்தியின் வாய், ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது ஒரு மைக்ரான் கனமே இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். தலைமயிரின் கனம் எழுபது மைக்ரான் அளவு என்பதை நினைத்தால் அது எத்தகைய மெலிவு என்று விளங்கும். அந்த வாயில் ஒரு சென்டிமீட்டர் நீளம் ஒரு பொருளின்மேல் படும்படி வைத்து, ஒரு கிலோ எடைக்குச் சமமான விசையால் அழுத்தினால், விசை இறங்கும் பரப்பு ஒரு சதுர மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான். அங்கே உண்டாகும் அழுத்தமோ காற்றுமண்டலத்தின் அழுத்தத்தைப்போல் ஏறக்குறைய 10,000 மடங்கு. இரண்டு விரல்களின் சக்தியால் இதைச் செய்துவிடுகிறோம். அதே வாய் மழுங்கி இருபது மைக்ரான் ஆகிவிட்டால், அழுத்தம் 500 மடங்காகக் குறைந்துபோகிறது. குறைந்ததை ஈடுகட்டக் கை அதிகமாக அழுத்துகிறது. அதிகமாக அழுத்திய கை பொருள் திடீரென்று விட்டுக்கொடுக்கும்போது நிலைதவறி வேறு எங்கேயோ போய் இறங்குகிறது. மழுங்கிய கத்திதான் விரலை வெட்டும் என்று சமையற்காரர்கள் சொல்வதன் கணக்கு இதுவே.

இந்தக் கணக்கு பாதி உண்மைதான். பழுத்த தக்காளியின் மேல் கத்தியை வைத்து நேராக அழுத்திப் பாருங்கள். தோல் குழிகிறது, பழம் நசுங்குகிறது, வெட்டு விழுவதற்கு முன்பே சாறு வழிகிறது. அதே கத்தியை அழுத்தாமல், சற்றே முன்னும் பின்னும் இழுத்தால் தோல் உடனே வாய் திறக்கிறது. ஆதிகாலந்தொட்டு எல்லோருக்கும் தெரிந்த இந்தச் சிறிய விஷயத்தின் காரணத்தை, சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான எல். மகாதேவனும் அவருடைய சகாக்களும் 2012-இல் ஆராய்ந்து எழுதினார்கள். அவர்கள் கையாண்டது கத்தியன்று, மெல்லிய கம்பி. வெட்டியது தக்காளியன்று, கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர் கூழ். மென்மையான பொருளை நேராக அழுத்தும்போது அதன் பெரும்பகுதி முழுவதும் நசுங்கி, நம் உழைப்பைத் தன்னுள் வாங்கிக்கொள்கிறது. பக்கவாட்டில் இழுக்கும்போதோ, வாய் தொடும் மேற்பரப்பு மட்டும் இழுபட்டு விறைக்கிறது. விறைத்த இடத்தில் முதல் கீறல் விழுவதற்கு மிகக் குறைந்த அழுத்தமே போதும். கீறல் ஒன்று விழுந்துவிட்டால், அதன் நுனியிலேயே விறைப்பு குவிந்து, மேற்கொண்டு பிளப்பது எளிதாகிவிடுகிறது. எட்டாம் எண் கத்தியின் அலகு நேர்கோடாக இல்லாமல் வயிற்றுப்பக்கம் சற்றே வளைந்து நுனி மேல்நோக்கி எழுவதன் பிரயோஜனமும் இதில் கொஞ்சம் அடங்கியிருக்கிறது. கையை நேராக இழுத்தாலும் வளைந்த வாய் பொருளைச் சாய்வாகச் சந்தித்து இழுவையைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. அலகின் முதுகு இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைந்த கனம் என்பதும் கவனிக்கத்தக்கது. வாய் எவ்வளவு கூராயிருந்தாலும், பின்னால் வரும் அலகு தடித்திருந்தால், கெட்டியான பாலாடைக்கட்டியையோ காரட்டையோ வெட்டும்போது அது ஆப்பாகத்தான் வேலை செய்யும். முரட்டுத் தோற்றத்துக்காகத் தடித்த அலகு வைத்து இன்று விற்கப்படும் பல கத்திகள், ஆப்பிளை வெட்டச் சொன்னால் பிளக்கின்றன. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது: அன்றாட உபயோகத்துக்கு மெல்லிய அலகே உயர்ந்தது.

இனி எஃகு. ஒபினெலின் பழைய வகைக் கத்தியில் இருப்பது இரும்பும், அதில் நூற்றுக்கு 0.9 பங்கு கரியும். எடையில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைந்த இந்தக் கரி, அணுக்களை எண்ணிப் பார்த்தால் அவ்வளவு அற்பமன்று. கரியின் அணு இலேசானதால், ஏறக்குறைய இருபத்தைந்து அணுக்களுக்கு ஒன்று கரியாக இருக்கும். அந்த ஒன்றுதான் வேலி கட்டும் கம்பிக்கும் கத்தியின் அலகுக்கும் உள்ள பேதம் முழுவதற்கும் காரணம். சாதாரண உஷ்ணத்தில் இரும்பணுக்கள் கனசதுரத்தின் எட்டு மூலைகளிலும் ஒவ்வொன்றும், நடுவில் ஒன்றுமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. இந்த அடுக்கின் இடுக்குகளில் கரியணுவுக்கு இடமே இல்லை என்று சொல்லிவிடலாம். 727 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டிக் காய்ச்சினால், இரும்பு தன் அடுக்கை மாற்றிக்கொள்கிறது. நடுவணு போய், முகங்களில் அணுக்கள் வந்து அமர்கின்றன. இடுக்குகள் விரிந்து கரியை உள்ளே அனுமதிக்கின்றன. அந்நிலையில் மெதுவாக ஆறவிட்டால், வந்த கரி வந்த வழியே வெளியேறி, தனிப் படிவங்களாக ஒதுங்க, இரும்பு மறுபடியும் மெத்தென்று ஆகிவிடும். ஆனால் செக்கச் சிவந்த அலகை எண்ணெயில் சட்டென்று முக்கிவிட்டால், கரியணுக்கள் வெளியேறுவதற்கு அவகாசமே கிடைப்பதில்லை. இரும்பு தன் பழைய அடுக்குக்குத் திரும்ப எத்தனிக்கிறது; உள்ளே அகப்பட்ட கரி அதைத் திரும்பவொட்டாமல் தடுக்கிறது; இரண்டுக்கும் நடுவே, ஒரு பக்கம் நீண்டு உருக்குலைந்த ஒரு புதிய அடுக்கு, உலோகத்தில் ஒலி செல்லும் வேகத்துக்கு நெருங்கிய வேகத்தில் உறைந்து நின்றுவிடுகிறது. ஜெர்மானிய உலோகவியல் அறிஞர் அடால்ஃப் மார்ட்டென்ஸின் ஞாபகார்த்தமாக இதை மார்ட்டென்சைட் என்று அழைக்கிறார்கள். நம் கொல்லர்கள் தோய்ச்சல் என்று சொல்லும் செய்கையின் உட்பொருள் இதுதான்.

தோய்ச்சல் கொடுத்த அலகு கண்ணாடிக்குச் சமானம். கல்லின்மேல் விழுந்தால் இரண்டாக உடையும். ஆகவே அதை மறுபடியும் இருநூறு டிகிரி அளவில் இதமாகச் சூடேற்றி, சிக்கிய கரியில் ஒரு பகுதி நகர்ந்து விறைப்புத் தளரும்படி செய்யவேண்டும். வெப்பமானி இல்லாத காலத்தில் இந்த உஷ்ணத்தை எப்படி அறிந்தார்கள் என்று கேட்கலாம். தேய்த்துப் பளபளப்பாக்கிய எஃகைக் காய்ச்சும்போது அதன்மேல் படரும் ஆக்ஸைடு ஏடு, கண்ணுக்குத் தெரியாத மெலிவினதாக இருந்தும், அதன் மேற்பரப்பிலிருந்தும் அடிப்பரப்பிலிருந்தும் திரும்பிவரும் ஒளியலைகள் ஒன்றையொன்று கூட்டியும் குறைத்தும் நிறங்களை உண்டாக்குகின்றன. முதலில் வைக்கோலின் வெளிர்மஞ்சள், பிறகு பழுப்பு, பிறகு ஊதா, முந்நூறு டிகிரிக்கு அருகில் நீலம். வைக்கோல் நிறத்தில் நிறுத்தினால் கத்திக்கு ஏற்ற பதம். நீலம் வரை போனால் வில்லுக்கு ஏற்ற பதம். தொழிற்சாலைகளில் இன்று உலைகளே உஷ்ணத்தை அளந்து காட்டினாலும், பட்டறைக் கொல்லன் ஜன்னலைச் சாத்தி வைத்துக்கொண்டு அரையிருட்டில் அலகின் நிறத்தைக் கூர்ந்து பார்ப்பது இந்தக் காரணத்தால்தான்.

இங்கே கொஞ்சம் விலகிச் சென்று ஒரு செய்தியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கரி மிகுந்த எஃகை மூசையில் உருக்கி எடுக்கும் வித்தை தென்னிந்தியாவில் பல நூற்றாண்டுகளாக இருந்துவந்தது. வூட்ஸ் என்ற பெயரில் அந்தக் கட்டிகள் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் லண்டன் ராயல் சொசைட்டியாரின் கைக்குச் சென்றன. லண்டனில் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தி வியாபாரி, நுண்ணிய அலகுகளுக்கு அதைவிடச் சிறந்த எஃகு இல்லை என்று நம்பி, மைக்கேல் பாரடேயைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு ஆராய்ச்சியில் இறங்கினார். பாரடே கொல்லன் மகன். மின்சாரத்தில் புகழ் பெறுவதற்கு முன்பு, 1819 முதல் சில ஆண்டுகள் அவர் இந்திய எஃகின் ரகசியத்தைத் தேடியும், வெள்ளி, பிளாட்டினம், ரோடியம் முதலியவற்றை எஃகில் கலந்து பார்த்தும் காலம் கழித்தார். இந்திய எஃகின் சிறப்புக்கு அலுமினியம் காரணமாயிருக்கலாம் என்று முதலில் அவர் எண்ணியது பிசகு, காரணம் கரிதான். எனினும், எஃகில் வேறு உலோகங்களை வேண்டுமென்றே சேர்த்துக் குணத்தை மாற்றலாம் என்ற எண்ணம் அந்த ஆராய்ச்சியில் விதையாக விழுந்தது. அதன்பின் ஒரு நூற்றாண்டு முடிவதற்குச் சற்று முன்னதாகவே, 1913-இல், ஷெஃபீல்டு நகரத்து ஹாரி பிரேர்லி, துப்பாக்கிக் குழல் தேய்ந்து போகாமலிருக்க ஏற்ற எஃகைத் தேடும்போது, குரோமியம் கலந்த துருவேறா எஃகைக் கண்டார். அவர் அதைக் கத்திக்காரர்களிடம் கொண்டுபோனபோது அவர்கள் எளிதில் நம்பவில்லை.

ஒபினெல் கத்தி கரியெஃகு, துருவேறா எஃகு ஆகிய இரண்டிலும் கிடைக்கிறது. வாங்கப் போகிறவனுக்கு முதலில் எழும் கேள்வியும் இவற்றுள் எதை வாங்குவது என்பதே. துருவேறா வகையில் நூற்றுக்குப் பதின்மூன்று பங்குக்கு மேல் குரோமியம். அந்த உலோகம் காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்ந்து சில நானோமீட்டர் கனமே உள்ள ஓர் ஏட்டை அலகின்மேல் போர்த்துவிடுகிறது. கீறினாலும் கணத்தில் மறுபடி போர்த்துக்கொள்ளும். கரியெஃகுக்கு அந்தக் கவசம் இல்லை. ஈரம் பட்டால் அதில் உண்டாகும் செந்துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால் பொருக்கு விட்டு உதிர, உதிர்ந்த இடத்தில் புதிய இரும்பு மறுபடியும் ஈரத்துக்கு இரையாகிறது. கடற்கரையில் வசிப்பவன், வேர்வை மிகுந்த உடம்புக்காரன், கழுவியதைத் துடைக்க மறப்பவன் ஆகிய மூவரும் துருவேறா எஃகையே வாங்குவது நலம். நான் கரியெஃகை வைத்திருப்பதற்குக் காரணம், அது கல்லில் எளிதாகத் தீட்டுப்படுகிறது என்பதோடு, அதன்மேல் நிகழும் ரசாயனம் கண்ணுக்குத் தெரிகிறது என்பதும்தான். நெல்லிக்காயையோ வாழைக்காயையோ பழைய இரும்பு அரிவாள்மணையில் நறுக்கினால் காயும் மணையும் கறுத்துப்போவதை எல்லா வீட்டிலும் பார்த்திருக்கிறோம். காயிலுள்ள துவர்ப்புப் பொருளாகிய டானின், இரும்போடு கூடிக் கருநீலக் கூட்டுப்பொருளாகிறது. கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து முன்னோர் எழுதும் மை காய்ச்சியது இதே வினையைக் கொண்டுதான். புதிய கத்தியால் ஆப்பிளும் மாங்காயுமாகச் சிலநாள் நறுக்கிவந்தால், அலகு முழுவதும் மேகம் படர்ந்தாற்போல் சாம்பல் நீலமாகிவிடும். பார்ப்பவர்கள் அழுக்கு என்பார்கள். அந்தக் கறை உதிராமல் ஒட்டி நிற்பதால், செந்துரு வருவதை ஓரளவு தாமதப்படுத்துகிறது; முற்றிலும் தடுத்துவிடும் என்று சொல்பவர்களை நம்பவேண்டாம். துடைத்து, ஒரு துளி எண்ணெய் தடவுவது கரியெஃகு வைத்திருப்பவன் எந்நாளும் செய்யவேண்டிய காரியம்.

இந்தக் கத்தியின் உண்மையான விஷமம் எஃகில் இல்லை, மரத்தில் இருக்கிறது. மரம் என்பது நீர் ஏற்றும் குழாய்களின் கட்டு. வெட்டி உலர்த்தி மெருகிட்ட பின்பும் அது காற்றிலுள்ள ஈரத்தை உட்கொள்வதையும் வெளியிடுவதையும் நிறுத்துவதில்லை. உட்கொண்ட நீர் நார்ச்சுவர்களுக்குள் புகுந்து அவற்றைப் பருக்கச் செய்கிறது. ஆனால் எல்லாத் திசையிலும் ஒரே அளவாகப் பருப்பதில்லை. பச்சைப் பீச் மரம் முற்றும் உலரும்போது, நீளவாட்டில் அது சுருங்குவது கவனிக்க வேண்டாத அளவு; மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் நூற்றுக்கு ஏறக்குறைய 6; ஆண்டுவளையங்களை ஒட்டிய திசையிலோ அதைப்போல் இருமடங்கு. பீச் மரம் கடினமானது, சீரான நாருடையது, கடைசலுக்கு இணங்குவது, மலிவானது; ஆனால் ஈரத்துக்கு இவ்வளவு அசையும் மரங்கள் அதிகமில்லை. இப்போது கத்தியின் அமைப்பை நினையுங்கள். பிடியின் நீளவாட்டில் வாளால் அறுத்த ஓர் ஒடுக்கமான பிளவு. அதன் இரு கன்னங்களுக்கும் நடுவே உலோக உள்தகடு எதுவுமின்றி அலகு நேராக மரத்தோடு உராய்ந்து சுழல்கிறது. அந்த உராய்வுதான் அலகு தானாக விரியாமல் பிடித்து வைத்திருக்கிறது. வில் வேண்டாம் என்று விட்டுவிட முடிந்தது அதனால்தான். உலர்ந்த நாளில் இரண்டு நகங்களால் அலகைச் சுலபமாக இழுத்துவிடலாம். மழையில் நனைந்த பிடியானால் கன்னங்கள் பருத்து, அலகின் அடிப்பாகத்தைக் கவ்விக்கொள்ளும். நகம் முறியுமே தவிர அலகு வராது.

சவாய் நாட்டு மலைவாசிகள் இதற்கு ஓர் உபாயம் வைத்திருக்கிறார்கள். ‘சவாயார் தட்டு’ என்றே அதற்குப் பெயர். மூடிய கத்தியை எடுத்து, பிடியின் அடிமுனையை மேசையிலோ கல்லிலோ ‘டக்’கென்று ஒரு தட்டுத் தட்டுகிறார்கள். பிடி சட்டென்று நின்றுவிட, அலகு தன் ஜடத்துவத்தால் சற்றே முன்னேறி, விரலுக்கு அகப்படும் அளவுக்கு வெளியே தலைகாட்டுகிறது. நியூட்டனின் முதல் விதியை இவ்வளவு குறைந்த செலவில் உபயோகித்த மலைநாட்டார் வேறு எங்கும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. தட்டியும் வராவிட்டால், வெயிலில் அன்று, நிழலில், காற்றோட்டமான இடத்தில் ஓரிரு நாள் வைத்துவிட வேண்டும். அவசரப்பட்டு அடுப்பருகே வைத்தால் மேற்புறம் முதலில் சுருங்கி மரம் வெடிக்கும். முன்னெச்சரிக்கையாக ஆளிவிதை எண்ணெயை மூட்டுப் பகுதியில் பலமுறை ஊறவிட்டுக் காயவைப்பவர்கள் உண்டு. எண்ணெய் ஈரத்தை முழுவதும் விலக்காது, அது உட்புகும் வேகத்தைக் குறைக்கும். ஒன்று மட்டும் செய்யக்கூடாது: பாத்திரங்களோடு சேர்த்து நீரில் ஊறப்போடுவது.

அறுபத்தைந்து ஆண்டுகள் வரை இந்தக் கத்திக்குப் பூட்டே கிடையாது. விரித்த அலகை நிலைநிறுத்தியது வெறும் உராய்வு. பழத்தை அறுக்கும்போது விசை அலகை மேலும் விரிக்கும் திசையிலேயே செல்வதால் அது போதும். ஆனால் நுனியால் குத்தித் துளையிட முயலும்போதோ, வெட்டில் சிக்கிய அலகைப் பின்னுக்கு இழுக்கும்போதோ, கத்தி விரல்களின் மேலேயே மடங்கிவிடும். 1955-இல் அதே குடும்பத்து மார்செல் ஒபினெல் இதற்குக் கண்ட பரிகாரம் ஒரு சிறிய வளையம். பிடியின் தலையிலுள்ள பூணின்மேல், ஓரிடத்தில் பிளந்த ஓர் எஃகு வளையம் சுற்றுகிறது. பிளவு அலகுக்கு நேராக இருந்தால் அலகு தாராளமாக மடங்கும். வளையத்தைக் கட்டைவிரலால் சற்றுத் திருப்பிவிட்டால், அதன் கெட்டியான பகுதி அலகின் காம்புக்குக் குறுக்கே வந்து நின்று, மடங்கும் வழியை அடைத்துவிடும். அலகின் நுனி ஆணியிலிருந்து 8 செ.மீ.க்கும் அதிகமான தொலைவில் இருக்கிறது, வளையம் காம்பைத் தடுக்கும் இடமோ ஆணியிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்கும் உள்ளாக. ஆகையால் நெம்புகோல் கணக்கின்படி, நுனியில் ஒரு கிலோ விசை மடக்க முயன்றால், வளையம் எட்டுக் கிலோவுக்கு மேல் தாங்கவேண்டும். சுற்றி வளைந்த எஃகுப் பட்டை அதைச் சுலபமாகத் தாங்குகிறது. 2000-ஆம் ஆண்டில் இதைத் திருத்தி, மூடிய நிலையிலும் பூட்டுமாறு செய்தார்கள். சட்டைப்பையில் திறந்துகொள்ளும் அபாயம் அதோடு தீர்ந்தது.

ஸ்விட்ஸர்லாந்தின் ஈபாக் ஊரில் கார்ல் எல்ஸனர் 1897-இல் பதிவு செய்த சிவப்புப் பிடிக் கத்தி, பூட்டுக்குப் பதிலாக முதுகு வில்லை நம்புகிறது. வில்லின் அழுத்தம் அலகைத் திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் நிறுத்திவைக்கும். பலமாகத் தள்ளினால் விட்டுக்கொடுத்துவிடும். பாதுகாப்பில் வளையமே மேல் என்பது என் தீர்ப்பு. இங்கிலாந்துச் சட்டத்தின் தீர்ப்பு வேறு: அங்கே 1988-ஆம் ஆண்டுச் சட்டப்படி, மூன்று அங்குலத்துக்கு மேற்படாத வாயுள்ள மடக்குக்கத்தியைப் பொது இடத்தில் காரணம் சொல்லாமல் வைத்திருக்கலாம், ஆனால் பூட்டிக்கொள்ளும் கத்தி மடக்குக்கத்தியே அன்று என்று நீதிமன்றம் விதித்திருக்கிறது. எட்டாம் எண் நீளத்தாலும் குற்றவாளி, வளையத்தாலும் குற்றவாளி. பிரான்ஸிலேயே கூட, தக்க காரணமின்றிக் கத்தியை எடுத்துச் செல்வது சட்டவிரோதம். வயலுக்கும் வனபோஜனத்துக்கும் எடுத்துச் செல்வதற்குக் காரணம் கேட்பவர் குறைவு. விமானத்தில் கைப்பையில் வைத்தால் எந்த நாட்டிலும் அதை மறந்துவிட வேண்டியதுதான்.

கத்தி ஏன் மழுங்குகிறது என்பது வெளிப்பார்வைக்கு விசித்திரமான கேள்வி. எஃகைவிடப் பல மடங்கு மெத்தென்ற காய்கறி, எஃகை எப்படித் தேய்க்கும்? சவரக் கத்தியை வைத்து இதே கேள்வியை மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தினர் ஆராய்ந்து, 2020-இல் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். எஃகைவிட ஐம்பது மடங்கு மிருதுவான மயிர், வாயைத் தேய்ப்பதில்லை. அதில் சில்லு பெயர்க்கிறது. எஃகின் நுண்ணமைப்பு எங்கும் ஒரே சீராக இல்லாமல் கடினமும் மென்மையும் கலந்திருக்க, வாயில் ஏற்கெனவே ஒரு நுண்ணிய வெட்டு இருந்து, மயிர் அந்த இடத்தில் சாய்வாக வந்து வளைந்தால், விறைப்பு அந்த ஒரு புள்ளியில் குவிந்து சிறு துணுக்கு தெறித்துப்போகிறது. அடுக்களைக் கத்திக்கும் சட்டைப்பைக் கத்திக்கும் இதோடு வேறு பகைகளும் உண்டு: பீங்கான் தட்டு, கல்மேடை, பொட்டலத்துக்குள் மறைந்திருக்கும் கம்பி. கண்ணாடியின்மேலும் பீங்கானின்மேலும் வைத்து ஒருமுறை அறுத்தால், மரப்பலகையின்மேல் ஒரு மாதம் அறுத்த தேய்மானம் வந்துவிடும். டப்பா மூடியை நெம்புவதற்கு நுனியை உபயோகிப்பவனுக்கு நுனி இராது. வாய் கூராக நிற்பதற்காக ஏற்றிய கடினம், பக்கவாட்டு வளைவைச் சகிக்காது.

மழுங்கியதைத் தீட்டுவதற்கு யந்திரச் சாணை வேண்டாம். வேகமாகச் சுழலும் சக்கரத்தில் பொறி பறக்கப் பிடித்தால், மெல்லிய வாய் கணநேரத்தில் நீலமாகிவிடும். நீலமானால் என்ன நேர்ந்தது என்பது மேலே சொன்ன நிறக்கணக்கிலிருந்தே தெரியும்: இருநூறு டிகிரியில் நிறுத்தப்பட்ட பதம் முந்நூறுக்குப் போய்விட்டது, அந்த இடம் இனிக் கத்தியின் வாயாக நிற்காது. நனைந்த சாணைக்கல்லில், அலகைப் பக்கத்துக்கு இருபது டிகிரி சாய்வாக வைத்து, வாய் முன்னே செல்லும்படி தள்ளித் தள்ளித் தீட்டவேண்டும். இருபது டிகிரியை எதைக்கொண்டு அளப்பது? 2 செ.மீ. அகலமுள்ள அலகானால், அதன் முதுகு கல்லிலிருந்து 7 மி.மீ. உயர்ந்திருந்தால் ஏறக்குறைய இருபது டிகிரி. சாய்வு மாறாமல் தீட்டிக்கொண்டே வந்தால், சற்று நேரத்தில் மறுபக்கத்து வாயோரத்தில் விரல்நுனிக்கு மட்டும் தட்டுப்படும் ஒரு பிசிறு எழும். வாயின் முழு நீளத்திலும் அது எழுந்தால்தான் அந்தப் பக்கம் முடிந்தது என்று பொருள். பெரும்பாலோர் இங்கே பொறுமை இழந்து, பிசிறு பாதி நீளத்தில் எழுந்தவுடன் பக்கத்தைத் திருப்பிவிடுகிறார்கள். கத்தி பாதி நீளம்தான் வெட்டும். மறுபக்கத்தையும் அவ்வாறே தீட்டி, கடைசியில் கையின் பாரம்கூட இல்லாமல் மாற்றி மாற்றி இலேசாக இழுத்து, பிறகு பழைய தோல்வாரில் வாயைப் பின்னோக்கித் தடவிவிட்டால் பிசிறு உதிர்ந்துவிடும். விளிம்பில் பிடித்த செய்தித்தாள் கிழியாமல் நேராக அறுபட்டால் போதும். அதற்குமேல் கூராக்கி முழங்கை மயிரைச் சிரைத்துக் காட்டுவது வெறும் சாமர்த்தியக் காட்சி.

இப்படி வருஷக்கணக்கில் தீட்டப்பட்ட அலகு அகலத்தில் மெல்ல மெல்லக் குறையும். சவாய்க் கிழவர்களின் கத்திகளில் முத்திரைக் கைக்கும் வாய்க்கும் நடுவே இருந்த இடம் தேய்ந்து, அலகு ஒடுங்கிப்போயிருக்கும். அகலம் 15 மி.மீ. ஆன பிறகு, அதே இருபது டிகிரிக்கு முதுகை 5 மி.மீ. தூக்கினால் போதும்.